கிராம் குறையக் குறைய நாள் கூடும்

அலாஸ்காவின் மலைச்சரிவுகளில் மேயும் வெண்ணிற டால் ஆடுகளுக்கான பொது வேட்டைப் பருவம் ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கி செப்டம்பர் 20-இல் முடிகிறது. நாற்பது நாள் சொச்சம். இதற்காக மலையேறுகிறவர் கூடாரம், சாப்பாடு, தூங்கும் பை எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ஒரு வாரமோ பத்து நாளோ நடப்பார். அந்த நாட்கள் முழுவதும் தோளில் தொங்கும் ரைபிளை அவர் சுடப்போவது ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. ரைபிளைச் சுமப்பது நாள்கணக்கு, சுடுவது நொடிக்கணக்கு. அதனால்தான் மலை வேட்டைக்குப் போகிறவர்கள் கடையில் தொங்கும் மூன்றரைக் கிலோ துப்பாக்கியை விட்டுவிட்டு, இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும் ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். முன்பணம் கட்டியதும் காத்திருப்பு தொடங்குகிறது. சில பட்டறைகளில் சில மாதங்கள், சிலவற்றில் ஓராண்டு, பேர்பெற்றவர்களிடம் அதற்கும் மேலே. ஒரு பருவம் கைநழுவிப் போவதும் உண்டு. கணினி சொல்கிறபடி இரும்பைச் செதுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் ஒரு துப்பாக்கிக்கு இத்தனை நாளா என்று கேட்பது நியாயமான கேள்விதான். என் பதில் இது: துப்பாக்கியின் பல குறைகளை மூடிவைத்திருப்பது அதன் எடை. எடையை எடுத்துவிட்டால் அந்தக் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்யத்தான் நாள் பிடிக்கிறது.

முதலில் குழலைப் பார்ப்போம். எடை அதிகம் இருப்பதும் அங்கேதான், குறைக்கத் தோன்றுவதும் அங்கேதான். இரும்புத் தண்டு ஒன்றின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதன் எடை சுமார் 19 சதவீதம் குறையும். நடுவிலுள்ள துளையைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதே பத்தில் ஒரு பங்குக் குறைப்பில் விறைப்பு சுமார் 34 சதவீதம் போய்விடுகிறது. எடையில் கிடைக்கும் லாபத்தைவிட விறைப்பில் வரும் நஷ்டம் எப்போதும் பெரிது. தோட்டா வெடித்துக் குண்டு குழலுக்குள் ஓடும் அந்தக் கணத்தில் குழல் முழுவதும் அதிர்கிறது. தடித்த குழலில் அந்த அதிர்வு சிறியது. மெல்லிய குழலில் பெரியது. அதோடு மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். இரும்பைத் துளைத்துக் கடையும்போது உள்ளே தங்கிப்போன இறுக்கம் சரியாக நீக்கப்படாமல் இருந்தால், சூடேறும்போது குழல் மயிரிழை அளவு வளையும். மூன்றாவது, நான்காவது குண்டு முதல் குண்டு விழுந்த இடத்தில் விழாது. கனமான துப்பாக்கியில் இந்தக் கோளாறு இருப்பதே தெரியாமல் ஒருவர் ஆயுள் முழுக்க வேட்டையாடிவிடலாம். இலகுவான துப்பாக்கியில் முதல் பெட்டித் தோட்டா தீருவதற்குள் தெரிந்துவிடும்.

எனவே பட்டறைக்காரர் கண்ட குழலை வாங்குவதில்லை. அமெரிக்காவில் சொல்லிச் செய்யும் ரைபிள்களுக்குக் குழல் மட்டும் செய்து தருகிற தனிப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கேயும் வரிசை நீளம். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்களை வெட்டும் பழைய முறை ஒன்று இன்னும் அவற்றில் சிலவற்றில் நடக்கிறது. கொக்கி போன்ற ஒற்றை வெட்டுமுனை குழலுக்குள் சுழன்றபடி ஒருமுறை போய் வந்தால் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இரும்புதான் உரியும். எல்லாப் பள்ளங்களும் முழு ஆழம் பெற முனை நூற்றுக்கும் மேற்பட்ட தடவை போய்வர வேண்டும். பிறகு துளைக்குள் ஈயத்தை உருக்கி வார்த்து, அந்த ஈயக் கட்டியில் அரப்பொடி பூசி, கையால் முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றுகிறார்கள். அந்த வேலையைச் செய்கிறவருக்கு எங்கே துளை இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பது கையிலேயே தெரிந்துவிடும். இத்தனை கவனம் வீண் அல்ல. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டிய குழலிலிருந்து வினாடிக்கு 2,800 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று என்ற வேகத்தில் சுழல்கிறது. பள்ளத்தில் உள்ள சின்ன ஏற்றத்தாழ்வுகூட அந்தச் சுழற்சியில் இலக்கு வரை போய்ச் சேரும்.

இலகு ரைபிளின் வரலாற்றில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. 1980-களின் நடுவில் மேற்கு வர்ஜீனியாவின் மோர்கன்டவுன் பகுதியில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் என்ற பட்டறையைத் தொடங்கினார். அதற்கு முன்பு எடை குறைப்பது என்றால் இருக்கிற துப்பாக்கியில் இங்கே கொஞ்சம் சுரண்டி, அங்கே ஓர் ஓட்டை போட்டு எடுப்பதுதான். மலை வேட்டையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜாக் ஓ'கானருக்கு ஸ்போகேன் நகரத்து ஆல் பீசன் செய்து தந்த .270 ரைபிள்கள், நோக்குக் கண்ணாடியோடு எட்டு பவுண்டு, அதாவது சுமார் 3.6 கிலோ இருந்தால் இலகு என்றே கருதப்பட்ட காலம் அது. ஃபோர்ப்ஸ் சுரண்டவில்லை, அடியிலிருந்து புதிதாகச் செய்தார். தோட்டாவின் அளவுக்கு மேல் ஒரு துளி இரும்பும் இல்லாத சிறிய இயக்கப் பகுதி. அதன் எடை 20 அவுன்ஸ் என்பதாலேயே அந்த ரைபிளுக்கு மாடல் 20 என்று பேர். மரத்துக்குப் பதில் கெவ்லாரும் கிராஃபைட்டும் கலந்து வார்த்த, அரைக் கிலோவைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் பின்கட்டை. முழு ரைபிளும் கண்ணாடி இல்லாமல் சுமார் ஐந்து பவுண்டு.

அவர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது எடை அல்ல. குழல் எதன்மீதும் படாமல் தனியே நிற்க வேண்டும் என்பது துல்லியத்துக்கான பொது விதி. கட்டை குழலைத் தொட்டால், மழையிலும் வெயிலிலும் மரம் உப்பியும் சுருங்கியும் குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். ஃபோர்ப்ஸின் கட்டை ஈரத்துக்கு அசையாது. ஆகவே அவர் விதியைத் திருப்பினார். குழலின் முழு நீளத்தையும் கட்டையோடு ஒட்டி அமர்த்தினார். மெல்லிய குழல் இழந்த விறைப்பைக் கட்டை திருப்பிக் கொடுத்தது. எடுத்த எடையை வேறொரு வழியில் ஈடுகட்டுகிற யோசனை இது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குழலும் கட்டையும் நுனி முதல் அடி வரை ஒரே சீராகப் பொருந்த வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால், தொடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

அந்தப் பொருத்தும் வேலையை அருகில் நின்று பார்த்தால் நாட்கள் எங்கே போகின்றன என்று புரியும். கட்டையின் பள்ளத்தில் எபாக்சி கலவையைப் பூசி, இரும்பில் ஒட்டாதபடி மெழுகு தடவி, இயக்கப் பகுதியை அதில் அமிழ்த்தி வைக்கிறார்கள். ஓர் இரவு முழுக்க அது இறுக வேண்டும். மறுநாள் பிரித்தெடுத்துப் பார்த்தால் இரும்பின் அச்சு அப்படியே கலவையில் பதிந்திருக்கும். பிறகு திருகாணிகளை முடுக்கி, குழலின் மேல் அளவுமானியின் முள்ளை நிறுத்தி, ஒரு திருகாணியை மெல்லத் தளர்த்துவார்கள். முள் அசையாமல் நின்றால் இரும்பு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. அசைந்தால் எங்கோ வளைத்துப் பிடித்திருக்கிறது. கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து. தோட்டா அமரும் அறையைக் கடைவதும் இதே மாதிரிதான். லேத்தில் கொஞ்சம் வெட்டி, கடைசல் தூளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அளவுக்கட்டையை நுழைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்டுவார்கள். ஓர் அளவுக்கட்டை போட்டால் அறையை அடைக்கும் போல்ட் மூட வேண்டும், அடுத்தது போட்டால் மூடக்கூடாது. .308 தோட்டாவுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஒரு வெள்ளைத்தாளின் கனம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தாலும் வேலை நாட்கள் சில வாரங்களைத் தாண்டாது, மீதி எல்லாம் வெறும் வரிசைதானே என்று. உண்மைதான். ஒருவரின் துப்பாக்கி மாதக்கணக்கில் மேசைமேல் இருப்பதில்லை, அவருடைய பெயர்தான் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த வரிசை ஏன் கரையவில்லை என்பதையும் கேட்க வேண்டும். முள் அசைந்ததைப் பார்த்து, இது போதும் என்று விடாமல் மறுபடி சுரண்டுகிறவரின் கண்ணும் கையும் சேர்ந்த தீர்ப்புதான் அதற்குக் காரணம். உதவிக்கு நான்கு பேரைச் சேர்த்தால் வெட்டும் வேலை நான்கு மடங்கு வேகமாகும், தீர்ப்பு ஆகாது. இதற்காக எல்லாக் காத்திருப்பையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். முழுப் பணத்தையும் முன்னாலே வாங்கிக்கொண்டு, கேட்டால் பதில் சொல்லாமல், தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போவது கைத்திறன் ஆகாது. குழல் வந்துவிட்டதா, கட்டை வார்த்தாயிற்றா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லக்கூடியவரிடம் காத்திருப்பதில் மட்டுமே பொருள் உண்டு.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. தொழிற்சாலைகளே இப்போது இலகு ரைபிள் செய்கின்றன. கிம்பர் நிறுவனம் ஐந்து பவுண்டை ஒட்டிய மலை ரைபிள்களை விற்கிறது. பின்லாந்தின் டிக்கா இலகு ரைபிள் அதைவிடச் சற்றுக் கனம், ஆனால் விலைக்கு மிக நன்றாகச் சுடும் என்று பேர் வாங்கியது. கார்பன் இழை சுற்றிய குழல்களும் பெருகிவிட்டன. பெரும்பாலான வேட்டைக்காரர்களுக்கு இவை போதும் என்பதே என் கருத்தும். மானுக்காகச் சமவெளிக் காட்டில் உட்கார்ந்திருப்பவர் ஓராண்டு காத்திருந்து அரைக் கிலோ மிச்சப்படுத்துவதில் அர்த்தமில்லை. அந்த அரைக் கிலோவை உங்கள் இடுப்பிலிருந்து குறையுங்கள் என்று சொல்கிறவர்களும் பாதிச் சரி. மீதிப் பாதியை அவர்கள் விட்டுவிடுகிறார்கள்: இடுப்பில் இருக்கும் எடை உடலோடு நகர்கிறது, ரைபிளின் எடை ஒற்றைத் தோளிலோ கையிலோ தொங்குகிறது, பாறையைப் பிடிக்க வேண்டிய கையை அது பிடித்துக்கொள்கிறது. தொழிற்சாலையின் சிக்கல் வேறு. அது ஆயிரம் ரைபிள்களுக்கும் ஒரே அளவுதான் வைக்க முடியும். இலகு ரைபிளில் அளவு பெரிய விஷயம், ஏனென்றால் அது உதைக்கும்.

அந்த உதைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். .308 ரைபிளில் 150 கிரெய்ன் எடைக் குண்டைச் சுட்டால் 3.6 கிலோ துப்பாக்கி தோளில் இடிக்கும் ஆற்றல் சுமார் 19 ஜூல். அதே தோட்டாவை 2.5 கிலோ துப்பாக்கியில் சுட்டால் சுமார் 28 ஜூல். துப்பாக்கியின் எடை குறைகிற விகிதத்திலேயே இடி கூடுகிறது. இதை மாற்ற வழியில்லை, இயற்பியல் அது. இடி தோளில் எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும் மாற்றலாம்: கட்டையின் நீளம் கைக்குப் பொருந்தினால், அதன் மேல்விளிம்பு நேராக இருந்து கன்னத்தில் ஏறி அடிக்காமல் இருந்தால், கண் தானாகவே கண்ணாடியின் நடுவுக்கு வந்தால், 28 ஜூலையும் தாங்கலாம். பொருந்தாவிட்டால் விசையை இழுக்கும் முன்பே உடம்பு அஞ்சிச் சுருங்கும், குண்டு தவறும். நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட்டால் அந்த ஆடு பாறைகளுக்கிடையே மணிக்கணக்கில் துடித்துச் சாகும். காத்திருப்பின் முழு நியாயமும் எனக்கு அங்கேதான் தெரிகிறது.

நம் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் இருக்கும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோயிற்று. அது சரியான முடிவு என்றே நான் நம்புகிறேன். விலங்கைக் கொல்வதற்கான கருவியில் எதற்கு இத்தனை நுணுக்கம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் ஏற்பாடு வேறு. அங்கே எத்தனை ஆடுகளைச் சுடலாம் என்பதை மாநில வனவிலங்குத் துறை வரையறுக்கிறது. மேற்கு மாநிலங்களில் காட்டாட்டுக்கான அனுமதிச் சீட்டு பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். இருபது ஆண்டுகளாக விண்ணப்பித்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி வேட்டை ரைபிள்கள்மீதும் தோட்டாக்கள்மீதும் 11 சதவீத வரி வசூலாகி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. ஆண்டுக்கு 50-க்கும் குறைவாகச் செய்யும் சிறு பட்டறைகளுக்கு மட்டும் அந்த வரியில் விலக்கு உண்டு. வேட்டை தேவையா என்ற வாதம் இதனால் தீர்ந்துவிடாது. ஆனால் சட்டம் அனுமதித்த ஒருவர் இருபது ஆண்டு காத்துப் பெற்ற ஒற்றைச் சீட்டோடு மலையேறும்போது, அவர் கையில் இருப்பது ஒரே குண்டில் வேலையை முடிக்கும் துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்பதில் வேட்டையை எதிர்ப்பவரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

ஒருவழியாக வேலை முடிந்தாலும் ரைபிள் நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிடாது. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வேறு மாநிலத்திலிருந்து வரும் துப்பாக்கி வாங்குகிறவர் ஊரிலுள்ள உரிமம் பெற்ற கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே பெட்டி கைக்கு வரும். அதன் பிறகும் மலை தூரம்தான். கண்ணாடியைப் பொருத்தி, சுடுதளத்தில் நூறு கஜத்தில் தாளை மாட்டி, மூன்று குண்டுக்கு ஒருமுறை குழல் ஆறும் வரை பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ காத்திருந்து சுட வேண்டும். பொறுமையில்லாமல் ஒரே மூச்சில் இருபது குண்டு சுட்டால் தாளில் தெரிவது சூடேறிய குழலின் கதை மட்டுமே. மலையில் கணக்கு ஆறிய குழலிலிருந்து போகும் முதல் குண்டுக்குத்தான். அது எங்கே விழுகிறது என்பதை அறிய நாளுக்கு ஒன்று, காலையில் ஒன்று என்று சுட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் தேதி எழுதி வைக்கிறார்கள். ஜூன் மாதம் ரைபிள் கைக்கு வந்தவருக்கு ஆகஸ்ட் 10-க்குள் அந்தத் தாளை நிரப்ப நாள் இருக்கிறது. ஜூலைக் கடைசியில் வந்தவர், பழைய கனத்த ரைபிளைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதே நல்லது.