கள்ள நாணயமும் கணினிப் பேரேடும்

2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதியன்று, பிட்காயின் என்னும் கணினி நாணயத்தின் பொதுப் பேரேட்டில் விசித்திரமானதொரு வரவு ஏறிற்று. அன்றுவரை வெளிவந்திருந்த பிட்காயின்கள் ஏறக்குறைய 37 லட்சந்தான். எக்காலத்தும் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வெளிவரலாகாது என்பது அந்நாணயத்தின் அடிப்படை விதி. அவ்வாறிருக்க, அன்று ஒரே ஒரு சீட்டின் மூலம் 18,446 கோடிக்கு மேற்பட்ட பிட்காயின்கள் இரண்டு முகவரிகளில் சரிபாதியாக வரவு வைக்கப்பட்டன. அதற்கு முதலாகக் காட்டப்பட்டதோ அரை நாணயம்!

தலைவரோ, காரியதரிசியோ, தணிக்கை அதிகாரியோ இல்லாத ஓர் அமைப்பு அது. அதிலே இக்கள்ளக் கணக்கு எப்படிப் புகுந்தது, அதைக் கண்டவர் யார், அடித்தவர் யார் என்பவை, பேரேட்டோடும் ரசீதோடும் பழகிய நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத் தக்க செய்திகளாகும்.

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் (அன்றிப் பலரோ, இன்றுவரை தெரியவில்லை) 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி இதன் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-ஆம் தேதி முதல் கணக்கு எழுதப்பட்டது. பேரேடு ஓரிடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கவில்லை. உலகெங்கும் பல ஆயிரம் கணினிகளில் அதன் முழுப் பிரதிகள் உள்ளன. ஒருவர் மற்றொருவருக்கு நாணயம் கொடுக்க விரும்பினால், ஒரு சீட்டு எழுதித் தமக்குத் தெரிந்த கணினிகளுக்கு அனுப்புகிறார். அதைப் பெறும் ஒவ்வொரு கணினியும், எவர் சொல்லையும் நம்பாமல், தானே சோதித்துப் பார்க்கிறது.

சோதனை கடினமானதன்று. முதலில், இன்ன வரவிலிருந்து செலவு செய்கிறேன் என்று சீட்டு குறிப்பிட வேண்டும். அந்த வரவு பேரேட்டில் உண்மையாகவே இருக்க வேண்டும், ஏற்கெனவே செலவழிக்கப்பட்டிருக்கலாகாது. அடுத்து, அவ்வரவுக்கு உரியவரின் இரகசியத் திறவுகோலால் இடப்பட்ட மின் கையொப்பம் பொருந்த வேண்டும். பிறர் பேரில் பொய்க் கையொப்பம் இடுவது, இன்றைய கணித அறிவைக் கொண்டும் இன்றைய யந்திரங்களைக் கொண்டும் நடவாத காரியம். இறுதியாக, கொடுக்கும் தொகை எடுக்கும் தொகைக்கு மிகுதியாக இருக்கலாகாது. இவற்றில் ஒன்று தவறினும் கணினி அச்சீட்டைக் கீழே போட்டுவிடும்; அண்டைக் கணினிக்கு அனுப்பாது. பொய்யான கணக்கை அனுப்பித் தொல்லை தரும் கணினியோடு தொடர்பையே அறுத்துக்கொள்ளும். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, அபராதமும் இல்லை. பொய்ச் சீட்டு பிறந்த இடத்தைச் சுற்றியே மடிந்து போகிறது.

இவ்வளவு காவல் இருந்தும் 18,446 கோடி எப்படி நுழைந்தது? கணினியில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கப்படும் இடத்துக்கு அளவு உண்டு. அந்த இடத்தில் பாதி வரவு எண்களுக்கும் பாதி பற்று எண்களுக்கும் உரியது. வரவின் எல்லையைத் தாண்டும் எண், மின் அளவி 99,999-க்குப் பின் பூஜ்யத்துக்குத் திரும்புவது போலச் சுழன்று, பற்றுப் பக்கத்தில் போய் விழுந்துவிடும். சீட்டு எழுதியவர் இதை நன்கறிந்தவர். எல்லையை ஒட்டினாற்போல 9,223 கோடி நாணயம் என்று இரண்டு தொகைகளை எழுதினார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் எல்லைக்குள் அடங்கியவை. கூட்டியபோதோ, விடை பூஜ்யத்துக்கும் சற்றுக் குறைந்த எண்ணாக வந்தது. எடுத்தது அரை நாணயம், கொடுத்தது பூஜ்யத்துக்கும் கீழ். ஆகவே கணக்குச் சரி என்று கணினிகள் எல்லாம் ஒப்புக்கொண்டன. கூட்டல் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்திருந்தால் நகைத்திருப்பார்.

சோதித்த சீட்டுகளைத் திரட்டி, சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஓர் ஏடாகக் கட்டிப் பேரேட்டில் சேர்க்கிறார்கள். இதனை ஆங்கிலத்தில் பிளாக் என்பர். ஏடு சேர்ப்பவருக்குச் சுரங்கக்காரர் என்று பெயர். மின்சாரத்தைப் பெருமளவில் செலவிட்டுக் கணினிகளை ஓட்டி, கடினமான ஒரு கணக்குக்கு விடை கண்டால்தான் ஏடு சேர்க்க இயலும். அதற்குக் கூலி அக்காலத்தில் 50 நாணயம். 2024 ஏப்ரல் முதல் 3.125 நாணயம். ஒரே சமயத்தில் இரண்டு தொடர்கள் கிளைத்தால், எதில் அதிக உழைப்பு செலவாகியிருக்கிறதோ அதுவே மெய்யான பேரேடு. கள்ளச் சீட்டு 74,638-ஆம் ஏட்டில் ஏறியது.

அதை முதலில் கவனித்துச் சொன்னவர் ஜெஃப் கார்ஸிக் என்னும் நிரல் எழுத்தாளர். சில மணி நேரத்துக்குள் சதோஷி பிழை திருத்திய புதிய நிரலை வெளியிட்டார். புதிய நிரலை ஏற்ற கணினிகள் அந்த ஏட்டை ஒப்ப மறுத்து, அதற்கு முந்திய ஏட்டிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கின. பழைய நிரலை வைத்திருந்தவர்களோ கள்ள ஏட்டின் மேலேயே அடுக்கிக்கொண்டு போனார்கள். பேரேடு இரண்டாயிற்று. எவரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சதோஷிக்குக் கிடையாது. புதிய நிரலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். சுரங்கக்காரர்களில் பெரும்பாலோர் திருத்தத்தின் பக்கம் சேர்ந்தனர். மறுநாள் 74,691-ஆம் ஏட்டில் நல்ல தொடர் கள்ளத் தொடரை முந்தியது. பழைய நிரல் ஓடிய கணினிகளும் தாமாகவே நல்ல தொடருக்கு மாறிவிட்டன. கள்ளத் தொடரில் உழைத்த சுரங்கக்காரர்களுக்குக் கூலி போயிற்று. சீட்டு எழுதியவர் யார் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை.

சோதனை செய்யாதவனுக்கு நேரும் கதி எத்தகையது என்பதை 2015-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. கையொப்பத்தின் வடிவம் பற்றிய புதிய விதி அப்போதுதான் அமலுக்கு வந்திருந்தது. நிரலைப் புதுப்பிக்காத ஒரு சிறு சுரங்கக்காரர் விதிக்கு ஒவ்வாத ஏட்டை வெளியிட்டார். அது பெரிய தவறன்று; உடனே தள்ளுபடியாகியிருக்கும். ஆனால் பெரிய சுரங்கக் கூட்டங்கள் சில, நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, வந்த ஏட்டை முழுவதும் சோதியாமலே அதன்மேல் அடுத்ததை அடுக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தன. ஆறு ஏடுகள் அவ்விதம் அடுக்கப்பட்டபின் அத்தனையும் வீணாயின. அவர்களுக்குப் பெரும் வருமான நஷ்டம் ஏற்பட்டது.

பொய்க் கையொப்பத்தை விடத் தந்திரமானது ஒன்று உண்டு. ஒரே நாணயத்தை இருவருக்குக் கொடுத்து இரண்டு சீட்டுகள் எழுதுவது அது. தனித்தனியே நோக்கின் இரண்டும் செல்லத்தக்கவை, கையொப்பமும் மெய்யானதே. எது முதலில் ஏட்டில் ஏறுகிறதோ அது நிலைக்கும். மற்றது அக்கணமே செல்லாததாகும். ஆகையால் சீட்டைக் கண்டவுடன் சரக்கைக் கொடுத்துவிடாமல், அதன்மேல் ஏடுகள் சில அடுக்கப்படும் வரை காத்திருப்பது பிட்காயின் வியாபாரிகளின் வழக்கம். பெருந்தொகையானால் ஆறு ஏடுகள், அதாவது சுமார் ஒரு மணி நேரம்.

இனி, இந்தக் காவல் எதைக் காக்காது என்பதையும் கூறவேண்டும். கணினி சோதிப்பது விதியை மட்டுமே, நியாயத்தை அன்று. ஒருவருடைய திறவுகோலைத் திருடியவன் எழுதும் சீட்டும் அதற்கு மெய்ச் சீட்டுத்தான். ஆசை வார்த்தைக்கு மயங்கி ஒருவர் தாமே அனுப்பிய தொகையும் அவ்வாறே. திருப்பித் தரும்படி விண்ணப்பம் செய்ய அங்கே அலுவலகம் கிடையாது. தொகையை இரட்டித்துத் தருவதாகச் சொல்லி இந்நாணயத்தைக் கேட்பவரிடம் இதை நினைவிற் கொள்வது நலம்.

2016 ஜூனில் எத்தீரியம் என்னும் மற்றொரு நாணயத்தில் இச்சங்கடம் பெரிய அளவில் எழுந்தது. பலர் கூடி முதலீடு செய்த டாவோ என்னும் பொது நிதியின் நிரலில் இருந்த ஓட்டை வழியாக, ஒருவன் 36 லட்சம் ஈதர் நாணயங்களை வெளியேற்றினான். ஒரு சீட்டேனும் விதியை மீறியதன்று. நீண்ட வாதத்துக்குப் பின், ஜூலை 20-ஆம் தேதி, பெரும்பான்மையோர் விதியையே மாற்றி அத்தொகையை உரியவர்களுக்கு மீட்டுக் கொடுத்தனர். எழுதிய கணக்கைத் திருத்துவது தகாது என்று மறுத்தவர்கள் பழைய பேரேட்டையே தொடர்ந்தார்கள். அது எத்தீரியம் கிளாஸிக் என்று பெயர் பெற்றது. யார் செய்தது சரி? பணத்தை இழந்தவர்களின் நிலையில் நின்று பார்த்தால் பெரும்பான்மையோரைக் குறை கூற மனம் வரவில்லை. ஆனால் ஒரு முறை திருத்தியவர் மறுமுறை திருத்தமாட்டார் என்பதற்கு என்ன பிணை என்று மற்றவர்கள் கேட்டதையும் தள்ளிவிட இயலாது.

கணக்கைத் திருத்தலாகாது என்ற அந்தப் பேரேட்டுக்கே பின்னர் நேர்ந்ததுதான் வேடிக்கை. கிளாஸிக்கில் உழைத்த சுரங்கக்காரர்கள் சிலரே. ஆகவே மொத்தக் கணினி வலிமையில் பாதிக்கு மேற்பட்டதை ஒருவரே திரட்டுவது இயலாத காரியமாக இல்லை. 2019 ஜனவரியில் எவரோ அவ்வாறு திரட்டி, பரிவர்த்தனை நிலையங்களில் நாணயத்தைச் செலுத்தி, ஈடு பெற்றுக்கொண்டபின், அந்தச் செலுத்துதலே இல்லாத வேறொரு நீண்ட தொடரை எழுதி வெளியிட்டனர். விதிப்படி நீண்ட தொடரே மெய்யானதால் கணினிகள் அதையே ஏற்றன. ஏறக்குறைய 11 லட்சம் டாலர் மதிப்புள்ள நாணயங்கள் இவ்விதம் இருமுறை செலவழிக்கப்பட்டன. 2020 ஆகஸ்டில் இதே நாணயம் மும்முறை தாக்கப்பட்டது. பரிவர்த்தனை நிலையங்கள் சில கிளாஸிக் வரவுகளை நிறுத்தி வைத்தன. மீண்டும் ஏற்கத் தொடங்கியபோது, காத்திருக்க வேண்டிய ஏடுகளின் எண்ணிக்கையைப் பன்மடங்கு உயர்த்தின.