திருத்தணிப் பகுதியில் புறக்கடைக் காடை வளர்ப்பு

கோழியைக்காட்டிலும் குறைந்த இடத்தில், குறைந்த நாளில் பலன் தரும் பறவை காடை என்று கேள்வியுற்றுப் பலர் அதனை வளர்க்க முற்படுகின்றனர். அக்கேள்வியில் பிழையில்லை. ஆயினும் விற்கத் தக்க நாள் வந்தபின் காடை தின்னும் ஒவ்வொரு நாள் தீனியும் நஷ்டக் கணக்கிலேயே சேரும். ஆதலின், எத்தனை குஞ்சு வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னரே, முட்டையாகவோ, குஞ்சாகவோ, இறைச்சிக்காகவோ, யாருக்கு, எந்த மாதத்தில் விற்பது என்பதைத் தீர்மானித்துக் கொள்ளுதல் வேண்டும். முருகன் மலையடியில் அமைந்த திருத்தணிக்கும் அதனைச் சூழ்ந்த கிராமங்களுக்கும் இது பின்னும் அவசியமாகும். அதன் காரணம் கீழே விளங்கும்.

பழந்தமிழ் நூல்களில் குறும்பூழ் என வழங்கப்பெற்ற காட்டுக் காடை வேறு. இங்கே கூறப்படும் ஜப்பானியக் காடை வேறு. முன்னதைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். பின்னது ஜப்பான் தேசத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டைக்காகத் தேர்ந்து பெருக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் அவ்வினம் பெரும்பாலும் அழிந்துபோக, எஞ்சியவற்றைக்கொண்டு மீண்டும் விருத்தி செய்தனர். இந்தியாவுக்கு அது 1974-இல் அமெரிக்காவிலிருந்து வருவிக்கப்பட்டு, இஸ்ஸத்நகரிலுள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பட்டது. நமது மாகாணத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்னும் இனங்களைத் தேர்ந்தெடுத்து அளித்துள்ளது. 2011-இல் மத்திய அரசாங்கம் மேற்படி சட்டத்தைக் காட்டிப் புதிய காடைப் பண்ணைகளை நிறுத்தி வைத்ததும், பின்னர் அத்தடை நீங்கியதும் பலருக்கு நினைவிருக்கலாம். 1960-இல் சென்னை ராஜ்யத்துடன் இணையும்வரை சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணித் தாலுகாவில் இருபாஷையும் வழங்குவதால், சந்தையில் இப்பறவையைக் கௌஜு பிட்ட என்று கேட்டு வருவோரும் உண்டு.

காடைக் குஞ்சு பொரிக்கும்போது 7 அல்லது 8 கிராம் எடையே உடையது. ஐந்து வாரத்தில் 150 முதல் 200 கிராம் வரை வளர்ந்துவிடும். ஆறு, ஏழு வாரத்தில் பெட்டை முட்டையிடத் தொடங்கும். நன்கு பராமரித்தால் ஆண்டொன்றுக்கு 250-க்கு மேலும் இடும். முட்டை ஏறக்குறைய 10 கிராம். ஐந்து காடை முட்டை ஒரு கோழி முட்டைக்குச் சரி. இம்முட்டை ஆஸ்துமாவையும் நீரிழிவையும் போக்கும் என்று சிலர் விளம்பரம் செய்கின்றனர். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. அது நல்ல ஆகாரம், அவ்வளவே. மருந்தென்று சொல்லி ஒருமுறை விற்பதைவிட, புதிய முட்டையென்று நம்பி வாரந்தோறும் வாங்குவோரைச் சேர்த்துக்கொள்ளுதல் நலம்.

இருபது பெட்டைகளும் பத்துச் சேவல்களும் ஒரு குடும்பத்திலுள்ளன என்று கொள்வோம். வளர்ந்த காடை நாளொன்றுக்கு 30 கிராம் வரை தீனி தின்னும். ஆகவே முப்பது பறவைக்கும் 900 கிராம் செலவாகும். இருபது பெட்டைகள் நாளொன்றுக்கு 15 முட்டை இட்டால் அது நல்ல பலனே. ஆனால் அந்த 900 கிராமில் 300 கிராம் சேவல்களின் வயிற்றுக்குப் போகின்றது. உண்பதற்கு முட்டை விற்பவருக்குச் சேவல் ஒன்றும் வேண்டியதில்லை. சேவலின்றியே பெட்டை முட்டையிடும். கருவில்லாத அம்முட்டை வெயிற்காலத்தில் சற்று அதிக நாள் கெடாமலும் இருக்கும். மூன்றாவது வாரத்தில் சேவலின் மார்பு துருநிறமாகவும், பெட்டையின் மார்பு சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகளோடும் காணப்படும். அப்போதே பிரித்து வைத்து, ஐந்தாறு வாரத்தில் சேவல்களை இறைச்சிக்கு விற்றுவிடுதல் கணக்கறிந்தோர் செய்கை. இரக்கத்தினாலோ சோம்பலினாலோ இவ்வேலையை ஒத்திப்போடுபவரே காடையில் லாபமில்லை என்று பெரும்பாலும் குறைகூறுவர்.

குஞ்சு வியாபாரமோ வேறு வகையான தொழில். மனிதர் வளர்த்துப் பெருக்கிய இக்காடை, அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆகையால் பொரிப்பான் கருவியாவது, எடை குறைந்த நாட்டுக்கோழியாவது வேண்டும். பருத்த கோழி மிதித்தால் மெல்லிய ஓடு நொறுங்கிவிடும். அடை முட்டைக்கு இரண்டு அல்லது மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் விடுவது முறை; சேவல்களை வேறொரு பண்ணையிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே தாயின் குஞ்சுகளைத் தம்முள் இணைத்துவந்தால் கருக்கூடுதலும் பொரித்தலும் சில தலைமுறைகளிலேயே வெகுவாகக் குன்றும். இத்தீமை கோழியைவிடக் காடையில் கடுமை. பெட்டைகள் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் இடுவதால், காலையில் மாத்திரம் முட்டை எடுக்கும் வழக்கம் கூடாது. எடுத்த முட்டையை ஈரமணலில் பாதி புதைத்த மண்பானையில் குளிர்ச்சியாக வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைவைத்தல் வேண்டும். 17 அல்லது 18 நாளில் குஞ்சு வெளிப்படும். நூறு முட்டைக்கு எழுபது குஞ்சு கிடைத்தால் திருப்தியடையலாம்.

குஞ்சுகள் மடிவதெல்லாம் முதல் பத்து நாளிலேயே. முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் கொடுத்து, வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துவர வேண்டும். உஷ்ணமானி இல்லாதவர் குஞ்சுகளைக் கவனித்தாலே போதும்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய்திறந்து மூச்சுவிட்டால் வெப்பம், பரவலாகத் தின்றுகொண்டிருந்தால் சரியான அளவு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை நிரப்பாவிட்டால் அதிலேயே விழுந்து மூழ்கிச் சாகும். தரையில் உமியின்மேல் காகிதம் விரித்து முதல் சில நாள் தீனியைக் காகிதத்திலேயே தூவலாம். இன்றேல் உமியையே தின்னும். தீனியில் முதல் மூன்று வாரம் நூற்றுக்கு 27 பங்கு புரதம் தேவை. கோழி முட்டைத் தீவனம் இதற்குப் போதாது. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

இவ்வளவு கவனம் வேண்டியிருப்பதால், ஒருநாள் குஞ்சைப் புதியவருக்கு விற்பது விற்பவருக்கும் நன்றன்று. அது இறந்தால் அவர் மறுமுறை வாரார். இரண்டு வாரம் தாண்டிய குஞ்சுக்கு அதிக விலை கேட்கலாம். மூன்று வாரக் குஞ்சைப் பெட்டை, சேவல் என்று பிரித்தே கொடுக்கலாம். முட்டைக்காக வளர்ப்பவர் பெட்டைக்கு மனமுவந்து கூடுதல் விலை கொடுப்பர்.

கூண்டு 10 முதல் 12 அங்குல உயரமே இருத்தல் நலம். திடுக்கிட்ட காடை நேர் மேலே எழும்பித் தலையை மோதிக்கொள்ளும். பொதட்டூர்ப்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் விசைத்தறிச் சுவருக்கு அடுத்தாற்போல் கூண்டை வைப்பது தகாது. எலி, கீரி, பூனை நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள வலையடித்துக் கால்களைத் தரையினின்று உயர்த்துதல் வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயில் திருத்தணிக்குப் புதிதன்று. தகரக் கூரையின்கீழ் அவ்வெயிலில் காடை தாங்காது. முட்டையும் குறைந்து ஓடும் மெலியும். கூரைமேல் தென்னங்கீற்றுப் பரப்பி, பக்கங்களில் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, தீனியை விடியலிலும் சாயங்காலத்திலும் கொடுக்க வேண்டும்.

இனி விற்பனை மாதங்களைப் பற்றி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்போர் விரதமிருப்பர். மாதக் கிருத்திகைகளிலும் பல வீடுகளில் முட்டைகூடச் சமைப்பதில்லை. புரட்டாசி முழுதும் இறைச்சி வியாபாரம் மந்தம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் மாலையணிவர். எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பக்கத்திலோ தீபாவளிக்கு மறுநாள் தொடங்கும் தெலுங்குக் கார்த்திக மாதத்தில் அநேகர் புலால் தவிர்ப்பர். ஆகையால் இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்தே அடை வைக்க வேண்டும். ஆவணி நடுவில் வைத்த முட்டை புரட்டாசித் தொடக்கத்தில் பொரித்து, ஐப்பசி முதல் வாரத்தில் எடைக்கு வரும், தீபாவளிக்குள் விற்றுவிடலாம். ஒரு மாதம் முந்தி வைத்தவர் வாங்குவோரில்லாப் புரட்டாசியில் பறவைகளுக்குத் தீனியிட்டுக் கொண்டிருப்பர். முட்டைக் காடைகளைக் குறைக்க இயலாதாகையால், அம்மாதங்களின் முட்டையைச் சென்னை, அரக்கோணம் ரயில் வழியிலுள்ள கடைகளுக்கு அனுப்ப முன்கூட்டியே பேசிவைப்பது உத்தமம்.

காடைக்கு நோயே வராது என்பதும் மிகைக் கூற்று. ஈரமான உமியில் இரத்தக்கழிச்சலும் குடற்புண் நோயும் தோன்றும். பறவைக் காய்ச்சலும் அதனைப் பிடிக்கும். 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நெல்லூர் ஜில்லாவில் அக்காய்ச்சல் கண்டது. அத்தகைய காலங்களில் எல்லைச் சாவடிகளில் பறவையும் முட்டையும் ஏற்றிய வண்டிகள் தடைப்படக்கூடும். அப்போது அக்கரையிலிருந்து மலிவு விலைக் குஞ்சு வாங்கலாகாது. திடீரெனப் பல பறவைகள் ஒருங்கே மடிந்தால் அவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோகாமலும், வாய்க்காலில் எறியாமலும், அன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.