சேர்க்கை ஆணைக்குப் பிறகு…

மூன்று ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதம். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குத் திரும்பியபோது, பள்ளி வாசலில் முன்னாள் மாணவி ஒருத்தி பெட்டியோடு நின்றிருந்தாள். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கோவையில் பொறியியல் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"நான் அங்க போகல டீச்சர். இங்கயே பக்கத்துல ஏதாவது காலேஜ்ல சேத்து விடுங்க."

மதிப்பெண் பிரச்சினை இல்லை. பணமும் இல்லை, அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பேசப் பேசத்தான் காரணங்கள் வந்தன. அறையில் மற்ற மூவரும் நகரத்துப் பெண்கள். அவர்கள் பேச்சில் கலந்துகொள்ளத் தயக்கம். காப்பாளரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. காய்ச்சல் வந்தும் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் சுருண்டு படுத்திருக்கிறாள்.

விண்ணப்பம், கலந்தாய்வு, விருப்பப் பட்டியல் என எல்லாவற்றிலும் உடனிருந்தேன். சேர்க்கை ஆணை வந்ததும் என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். வீட்டை விட்டு ஒரு இரவுகூடத் தங்கியிராத பிள்ளை, விடுதியில் எப்படி இருப்பாள் என்று யோசிக்கவே இல்லை.

அன்றிலிருந்து, உயர்கல்வி வழிகாட்டலுக்காகப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் வரும் நாட்களில், ஒரு முற்பகலை 'விடுதி வகுப்பு' என ஒதுக்குகிறோம். பெற்றோரையும் அழைக்கிறோம். அதில் செய்பவை இவை.

கோப்பு: மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள், சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றுகள், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கச் சொல்கிறோம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும். எனவே முன்பே ஐந்து நகல்கள் எடுத்து, கைப்பேசியிலும் படம்பிடித்து வைக்க வேண்டும்.

பெட்டி: வாளி, குவளை, தட்டு, போர்வை, பூட்டு, இரண்டு சாவிகள். ஒரு சாவி எப்போதும் பையில் இருக்கட்டும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, மருத்துவரின் சீட்டு, பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கான நாப்கின். புதுத் துணிக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்கிறோம்.

பணம்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பலர் இதில்தான் தவறுகிறார்கள். வரும் பணத்தைக் குறிப்பேட்டில் எழுதிச் செலவு செய்யவும் பழக்குகிறோம்.

பேச்சு: இதற்குத்தான் அதிக நேரம் தருகிறோம். ஒரு மாணவர் காப்பாளராக, மற்றவர் விடுதி மாணவராக நடிக்க வேண்டும். "எனக்குக் காய்ச்சல், மருத்துவமனைக்குப் போக வேண்டும்", "இந்தக் கட்டணம் எதற்கு?", "என் பொருளைக் கேட்காமல் எடுக்காதே." இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு அங்கே நா எழும். பகடிவதை தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும், 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணையும் எழுதிக்கொள்ளச் செய்கிறோம்.

வழி: எங்கள் ஊரிலிருந்து கோவை செல்வோர் திருச்சியில் பேருந்து மாற வேண்டும், அந்தப் பேருந்து சிங்காநல்லூரில்தான் நிற்கும், காந்திபுரத்தில் அல்ல. இப்படி ஒவ்வொருவரும் தம் வழியைத் தாளில் வரைந்து, பெற்றோரிடம் விளக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள்தான். "அழுதா உடனே வந்துடு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "எதுவானாலும் மறைக்காம சொல்லு" என்று சொல்லி அனுப்புங்கள். அழுகை ஏக்கத்தாலா, யாராவது துன்புறுத்துவதாலா என்பது பேசினால்தான் தெரியும். ஏக்கம் நாளடைவில் ஆறும். துன்புறுத்தல் என்றால் அன்றே நாம் போய் நிற்க வேண்டும்.

இது மேல்நிலை ஆசிரியர்களின் வேலை மட்டுமன்று. தன் தட்டைத் தானே கழுவுவது, விடுப்புக் கடிதத்தைத் தானே எழுதுவது, புரியாததைக் கையுயர்த்திக் கேட்பது ஆகியவை தொடக்க வகுப்பிலேயே தொடங்க வேண்டியவை. ஐந்தாம் வகுப்பில் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைக்குக் காப்பாளர் அறைக் கதவைத் தட்டுவது கடினமாக இருக்காது.

அந்த மாணவியை அவள் அம்மாவும் நானும் மறுநாளே கோவைக்கு அழைத்துச் சென்றோம். காப்பாளரிடம் அவளையே பேசச் சொல்லி, அருகில் நின்றோம். இப்போது நான்காம் ஆண்டு படிக்கிறாள். இந்த ஆண்டு விடுதி வகுப்பில் பேச்சுப் பயிற்சியை நடத்தியவள் அவள்தான்.

இப்போதெல்லாம் விடுதிக்குச் சென்ற ஒவ்வொரு மாணவரையும் பத்தாம் நாள் கைப்பேசியில் அழைக்கிறேன். "சாப்பிட்டியா?" என்றுதான் தொடங்குவேன். ஐந்து நிமிடம் போதும். நீங்களும் அழைத்துப் பாருங்கள்.