ஓய்வு விடுதியும் ஒரு சிறு ரயில் நிலையமும்

போக்குவரத்து வசதி தேவையைப் பின்தொடர்ந்தும் வரலாம். புதிய தேவையைத் தோற்றுவிக்கவும் செய்யலாம். ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸ் ரயில் நிலைய வரலாறு இவ்விரண்டிற்கும் சான்றாகும்.

1856-இல் இந்நிலையம் 'கிரீஃப் சந்திப்பு' என்னும் பெயரில் திறக்கப்பெற்றது. ஸ்டர்லிங்–பெர்த் இருப்புப்பாதையிலிருந்து கிரீஃப் நகருக்குச் செல்லும் கிளைப்பாதை இங்குதான் பிரிந்தது. பின்னர், கலிடோனியன் ரயில்வேயின் பொது மேலாளர் டொனால்டு மாத்திசன், அருகில் கோல்ஃப் மைதானங்களுடன் பெரிய ஓய்வு விடுதி ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார். விடுதிக்கு வருவோரால் ரயில் வருவாயும் பெருகும் என்பதே கருத்து. 1912-இல் நிலையத்தின் பெயர் மாறியது. முதல் உலகப் போர் விடுதிக் கட்டுமானத்தைத் தடை செய்தது. 1919-இல் நிலையம் புதுப்பித்துக் கட்டப்பட்டது; விடுதி 1924-இல் திறக்கப்பட்டது.

1948-இல் ரயில்வே நாட்டுடைமையானபோது விடுதியும் அரசுடைமையாயிற்று. 1964-இல் கிரீஃப் கிளைப்பாதை மூடப்பட்டது. எந்நகரின் பொருட்டு இச்சந்திப்பு தோன்றியதோ, அந்நகர் ரயிலை இழந்தது. பிரதான பாதையிலிருந்த நிலையமோ நிலைத்தது. 1981-இல் விடுதி ரயில்வேயின் நேரடி உடைமையிலிருந்து விலகியது. 2014-இல் அங்கு ரைடர் கோப்பைப் போட்டி நடைபெற்றதையொட்டி நிலையம் மேம்படுத்தப்பட்டு, புதிய இணைப்புச் சாலையும் அமைக்கப்பட்டது.

விருந்தினரால் கிட்டும் வருவாய் கணக்கேட்டில் எளிதில் புலப்படும். கிளைப்பாதையை நம்பியிருந்த சிறுநகர மக்களின் இழப்போ அதில் இடம்பெறுவதில்லை. ஒரு பாதையின் பயனை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.