அண்டக் கதிரும் கையளவுக் கோளும்

பெங்களூர் மாணவர்கள் செயற்கைக் கோள் செய்து விண்ணில் விட்டார்கள் என்றால் ஊரில் உள்ள பெரியவர்கள் வியப்படைகிறார்கள். உடனே, "பிள்ளைகள் செய்தது அங்கே எத்தனை நாள் தாங்கும்?" என்றும் கேட்கிறார்கள். மின்னணுவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், அந்த நல்ல வினாவுக்கு என்னால் இயன்ற விடையைக் கூற விழைகிறேன்.

2010 ஜூலை 12-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி15 ராக்கெட் ஏந்திச் சென்ற கோள்களுள் ஸ்டட்சாட் ஒன்று. பெங்களூர், ஹைதராபாத் நகரங்களின் ஏழு பொறியியற் கல்லூரி மாணவர்கள், எலகங்காவிலுள்ள நிட்டே மீனாட்சி கல்லூரியின் தலைமையில் அதனைச் செய்தனர். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. இத்தகைய சிறு கோள்களில் பெரும்பாலும் கடையில் விற்கும் சாதாரணச் சில்லுகளே இடம்பெறும். கதிரைத் தாங்கவென்றே செய்யப்படும் சில்லுகளின் விலை மாணவர்க்கு எட்டாது.

அங்கே என்ன ஆபத்து? காற்று மண்டலமும் பூமியின் காந்தப் புலமும் நமக்குக் குடை பிடிக்கின்றன. மேலே சென்றால் காற்றுக் குடை இல்லை. சூரியனிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வரும் நுண்துகள்கள் சில்லுகளைத் துளைக்கின்றன. இந்த அண்டக் கதிர்களை ஹோமி பாபா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆராய்ந்தது, நம் பெங்களூர் டாட்டா இன்ஸ்டிடியூட்டில்தான்!

கதிர் செய்யும் கேடு மூவகைப்படும். முதலாவது, நினைவகத்தில் 0 என்பது 1 ஆகிவிடும்; பொருள் உடையாது, செய்தி பிழைபடும். இரண்டாவது, மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்ந்து சில்லு கருகும். மூன்றாவது, கரையான் அரிப்பதுபோல் நாள்தோறும் சேரும் கதிரால் சில்லு மெல்ல நலிவுறும். 1962 ஜூலையில் பறந்த டெல்ஸ்டார் கோளுக்கு நேர்ந்தது இந்த மூன்றாவது கதியே. அதற்கு முந்திய நாள் அமெரிக்கா விண்வெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததால் கதிர் மிகுந்து, 1963 பிப்ரவரியில் அக்கோள் ஊமையாயிற்று.

முதல்வகைப் பிழை மண்ணிலும் உண்டு. 2003-இல் பெல்ஜியத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. இரண்டைப் பன்னிரண்டு முறை அடுக்கிப் பெருக்கினால் வரும் எண் அது! நினைவகத்தில் ஒரே ஓர் இலக்கம் புரண்டிருக்கிறது. அண்டக் கதிரே காரணமாயிருக்கலாம் என்றனர் ஆய்ந்தவர்கள்.

இதற்கு மருந்து யாது? பிழையே வராமல் தடுக்க முயல்வதைவிட, வரும் என்று எதிர்பார்த்திருப்பதே அறிவுடைமை. ஒரே செய்தியை மூன்று இடங்களில் எழுதி வைத்தால், ஒன்று புரண்டாலும் மற்ற இரண்டின் சாட்சியம் வெல்லும். கணிப்பொறி மயங்கி நின்றால், காவற்கடிகாரம் அதனைத் தட்டி எழுப்பும். மின்னோட்டம் மீறினால், கருகுமுன் இணைப்பு தானே அறுபடும்.

எந்தச் சில்லு எவ்வளவு தாங்கும் என்பதைத் தரையில் துகள் முடுக்கியைக் கொண்டும் சோதிக்கலாம். ஆயினும் விண்ணின் கலப்புக் கதிரை அப்படியே தருவது விண் ஒன்றே. அதனால்தான் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தார், அமெச்சூர் வானொலி அன்பர்களுடன் கூடி, ரேட்எஃப்எக்ஸ்சாட் என்னும் 10 சென்டிமீட்டர்க் கோளை 2017 நவம்பரில் அனுப்பினர். அதன் நினைவகச் சில்லுகளில் எத்தனை இலக்கங்கள் புரண்டன என்று எண்ணுவதே ஆய்வு. அங்கே பிழை தோல்வியன்று, அதுவே விளைச்சல்.

ஆகவே பெரியவர்களுக்கு என் விடை இது: எத்தனை நாள் தாங்கும் என்பதை அறியவும் மாணவர் கோள் பறக்கலாம். மீனவர்க்குப் புயலைச் சொல்லும் பெருங்கோளில் மலிவான சில்லை நம்பி வைக்கலாமா என்பதற்கு இக்கணக்கு துணை நிற்கும். மாணவத் தோழர்களே, நாமும் ஒரு கோள் செய்வோமாயின், பிழைகளைக் குறித்து வைக்க முதலில் ஒரு கணக்கேட்டைத் திறப்போம்!