பகல் முழுவதும் உறக்கம்: மனச்சோர்வு மருந்துடன் பிற மருந்துகள் சேரும்போது

“மாத்திரை போட்டதிலிருந்து எந்நேரமும் தூக்கமாகவே இருக்கிறார், டாக்டர்.” மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் மருத்துவர்கள் மிகுதியாகக் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் இதைச் சொல்பவர் நோயாளி அல்லர். உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோதான். அடுத்துவரும் வாக்கியந்தான் கவலை தருவது: “அதனால் நாங்களே நிறுத்திவிட்டோம்.” அவ்வாறு நிறுத்தியவர்களுள் பலர் ஓரிரு மாதங்களில் முன்னைவிடக் கடுமையான மனச்சோர்வுடன் திரும்பி வருகின்றனர். நிறுத்தாமல் உறக்கத்தைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குச் செல்பவர்களுக்கோ வேறொரு ஆபத்து காத்திருக்கிறது.

அந்த ஆபத்து நம் பகுதியில் சிறியதன்று. அரியலூர் மாவட்டத்தின் சிமெண்ட் ஆலைகளில் இரவும் பகலும் முறை வைத்து வேலை நடக்கிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓய்வின்றி ஓடுகின்றன. பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் நள்ளிரவிலும் போக்குவரத்து குறைவதில்லை. மக்காச்சோளக் கதிரடிக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரும், மோட்டார் போட இருட்டில் கிணற்று மேட்டுக்குச் செல்பவரும் கண்ணயர்ந்துவிட்டால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, “கொஞ்சம் தூக்கம் வரத்தான் செய்யும்” என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

மனச்சோர்வு மருந்து ஏன் உறக்கம் தருகிறது? இதற்கு விடை அம்மருந்துகளின் பிறப்பிலேயே இருக்கிறது. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளுள் ஒன்றான இமிப்ரமின், ஒவ்வாமையைத் தடுக்கும் மருந்துகளின் வேதிக் குடும்பத்திலிருந்து கிளைத்தது. சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் என்னும் மனநல மருத்துவர் அதன் பயனைக் கண்டறிந்து 1957-இல் வெளியிட்டார். சளி மாத்திரை விழுங்கினால் ஏன் கண் சொக்குகிறதோ, அதே காரணத்தால்தான் அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளும் உறக்கம் தருகின்றன. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் வேதிப்பொருள்களுள் ஹிஸ்டமின் ஒன்று. இம்மருந்துகள் அதன் செயலைத் தடுக்கின்றன.

எல்லா மனச்சோர்வு மருந்துகளும் ஒரே அளவில் உறக்கம் தருவதில்லை. அமிட்ரிப்டிலின், மிர்டாசபின், டிராசோடோன் ஆகியவை நன்றாக உறங்க வைப்பவை. உறக்கமின்றித் தவிக்கும் நோயாளிக்கு அதற்காகவே இவற்றைத் தெரிவு செய்வதும் உண்டு. ஃபுளுஆக்சிட்டின் பெரும்பாலோருக்கு உறக்கத்தைக் குறைக்கும். அதனால்தான் அதைக் காலையில் தருகிறோம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடும். புதிதாகத் தொடங்கியபோது வரும் மயக்கநிலை பலருக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்களில் குறைந்துவிடுகிறது. மருந்தின் முழு நற்பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். தொல்லை முதலில் வருகிறது, பயன் பின்னால் வருகிறது. பலர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான்.

ஆனால் உறக்கம் மிகுந்து வருபவர்களிடம் காரணத்தைத் தேடினால், மனச்சோர்வு மாத்திரை மட்டுமே குற்றவாளியாக இருப்பது குறைவு. அதனுடன் சேர்ந்த மற்றவையே பெரும்பாலும் காரணம்.

எடுத்துக்காட்டாக ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஐம்பது வயது, சர்க்கரை நோய் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பாதம் எரிகிறது என்று திருச்சியில் ஒரு மருத்துவரிடம் காட்டியதில் பிரிகாபாலினும் இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலினும் கிடைத்தன. மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராமும் குளோனாசிபாமும் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதினார். தூசியால் மூக்கில் நீர் வடிகிறது என்று ஊர் மருந்துக் கடையில் தாமாகவே செட்டிரிசின் வாங்கிக்கொண்டார். நான்கு இடங்களிலிருந்து வந்த இம்மருந்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவை. ஆனால் உறக்கம் தருபவை அவற்றுள் நான்கு. அவருடைய முழுப் பட்டியலைக் கண்ட மருத்துவர் ஒருவரும் இல்லை.

மேற்சொன்ன குளோனாசிபாமைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பதற்றம் மிகுந்த தொடக்க வாரங்களில் இது உதவும். ஆனால் ஒருமுறை விழுங்கியதில் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 30 முதல் 40 மணி நேரம் ஆகிறது. நேற்றைய மாத்திரை தீர்வதற்குள் இன்றைய மாத்திரை வந்து சேர்கிறது. குறுகிய காலத்திற்கென எழுதியது, கூட்டு மாத்திரையாக இருப்பதாலேயே, பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கப்படுகிறது. “என் மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றனவா? இரண்டும் இன்னும் தேவையா?” என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இவ்வொரு கேள்வியால் மட்டுமே பகல் உறக்கம் தீர்ந்தவர்கள் உண்டு. கேட்காமல் நீங்களே நிறுத்திவிடுவது மட்டும் கூடாது. நீண்ட நாள் எடுத்த குளோனாசிபாமைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும்.

மருந்துகள் தத்தம் வேலையைச் செய்வதோடு நில்லாமல், ஒன்றின் அளவை மற்றொன்று உயர்த்திவிடுவதும் உண்டு. அமிட்ரிப்டிலினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியொன்றை ஃபுளுஆக்சிட்டின் முடக்குகிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால், விழுங்கியது சிறிய அளவாக இருந்தாலும் இரத்தத்தில் பெரிய அளவாகிவிடும். பிரிகாபாலின் ஏறத்தாழ முழுவதும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. நெடுநாள் சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது உடலிலேயே தேங்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒத்துக்கொண்ட அதே அளவு இன்று தள்ளாட வைப்பதற்கு இதுவே காரணமாகலாம். கிரியேட்டினின் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு வியப்பான செய்தி: பீடி, சிகரெட் புகை ஒலான்சபின் என்னும் மருந்தை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றுகிறது. புகைப்பதை விட்டவருக்கு அம்மருந்தின் அளவு ஏறி, உறக்கமும் கூடலாம். அதற்காகப் புகையை மீண்டும் தொடங்க வேண்டாம். விட்டதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் பொருள்களைப் பலர் மருந்தாகவே கருதுவதில்லை. குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரை, இருமல் மருந்து, பயணத்தில் குமட்டலுக்கு எடுக்கும் ப்ரொமெத்தசின், தலைசுற்றலுக்கு எடுக்கும் சின்னரிசின் ஆகியவை அனைத்தும் உறக்கம் கூட்டுபவை. உறக்கத்திற்கென்று பாலில் கலந்து குடிக்கும் அமுக்கராப் பொடியையும் இப்பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள். மதுவைப் பற்றித் தனியே கூற வேண்டியதில்லை. “வாரத்தில் ஒருநாள்தான்” என்பவருக்கும் அந்த ஒருநாள் ஆபத்தான நாளே.

உறக்கம் வந்தாலே மருந்தின் மீது பழி போடுவதும் சரியன்று. அசதி வேறு, உறக்கம் வேறு. படுத்தால் உறங்குவதில்லை, ஆனால் எழுந்து நடக்கத் தெம்பில்லை என்றால் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை, ஏன், இன்னும் தீராத மனச்சோர்வுகூடக் காரணமாகலாம். இரவில் பலத்த குறட்டை விட்டு, இடையே மூச்சு நின்று திணறி விழிப்பவருக்கு எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உறக்கம் நிறைவதில்லை. இதை நோயாளி அறியமாட்டார். அருகில் உறங்குபவரே அறிவார். மிர்டாசபினால் எடை கூடியவர்களிடம் இக்குறட்டையைப் பற்றி நான் கட்டாயம் கேட்பேன்.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை மருந்துகள் சிலருக்கு இரத்தத்தில் சோடியம் என்னும் உப்பின் அளவைக் குறைத்துவிடும். இரத்த அழுத்தத்திற்காக ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்த மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு மிகும். பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே இது நிகழ்கிறது. பாட்டி உறங்கிக்கொண்டே இருக்கிறார், பேச்சு குழறுகிறது, நாளும் கிழமையும் மறந்துபோகிறார் என்றால், “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்று போதும். கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் முழுமையாகச் சரியாகக்கூடிய நிலை இது.

இனி, செய்ய வேண்டியவை. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சளி மருந்து, சூரணம், தைலம் உட்பட, ஒரே மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சீட்டைவிட அட்டையே மேல். சீட்டில் எழுதியது ஒன்றாகவும் உண்மையில் விழுங்குவது வேறாகவும் இருப்பது வழக்கம். வெட்டிய அட்டையில் பெயர் தெரியாது. முழு அட்டையாக வாங்க இயலாவிட்டால், பெயரையும் மி.கி. அளவையும் கடைக்காரரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரை எடுக்கும் நேரத்தையும் கவனியுங்கள். “இரவு ஒன்று” என்று சீட்டில் இருப்பதைப் பதினொரு மணிக்கு விழுங்கிவிட்டு, ஐந்து மணிக்குப் பால் கறக்க எழ முடியவில்லை என்பவர்கள் பலர். உங்கள் மருத்துவர் இசைந்தால், அதையே எட்டு மணிக்கு எடுப்பது காலை மந்தத்தைக் குறைக்கும். ஆலைத் தொழிலாளர்களின் நிலை வேறு. உறக்கம் தரும் மாத்திரைக்கு “இரவு” என்று எழுதினால் அதன் பொருள் “உறங்கப் போகும் முன்” என்பதே. இரவு முறைக்குச் செல்பவர் ஒன்பது மணிக்கு அதை விழுங்கிவிட்டுப் பத்து மணிக்கு இயந்திரத்தின் முன் நிற்பது எவ்வளவு பெரிய ஆபத்து! வாரந்தோறும் முறை மாறுபவர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், உறக்கம் குறைவாகத் தரும் மருந்தையே தெரிவு செய்யலாம். மருத்துவர் கேட்க மறந்தாலும் உங்கள் தொழிலை நீங்களே சொல்லுங்கள்.

உறக்கத்தின் அளவை எடைபோட எப்வொர்த் அளவுகோல் என்றொன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, வண்டியில் பயணியாக அமர்ந்திருக்கும்போது என எட்டுச் சூழல்களில் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்பதற்குப் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டிய அளவு. ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகுகிறது என்றால் கணக்கே போட வேண்டாம், உடனே வாருங்கள்.

புதிய மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரங்களும், அளவைக் கூட்டிய ஒவ்வொரு முறையும், இருசக்கர வாகனம் உட்பட எதையும் ஓட்டாமலிருப்பது நல்லது. லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு இரண்டு வாரம் என்பது எளிதன்று என்பதை அறிவேன். முடியாதென்றால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தைத் தேடுவது எங்கள் பொறுப்பு. போதைப்பொருளின் தாக்கத்தில் வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் மது அருந்தி ஓட்டுவதோடு சேர்த்தே பேசப்படுகிறது என்பதையும் ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மனச்சோர்வு மருந்தையும் திடீரென நிறுத்தக்கூடாது. தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வு ஆகியவை சில நாள்களிலேயே தலைகாட்டலாம். அளவைக் குறைத்தோ, நேரத்தை மாற்றியோ, வேறு மருந்துக்குப் படிப்படியாக மாறியோ இதைத் தீர்க்க முடியும். 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று அத்திட்டம் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் நடைபெறுகிறது. மருந்தை மாற்றிப் பார்ப்பதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

உடனிருப்போர் கவனத்திற்கு: முதியவர் இரவில் சிறுநீர் கழிக்க எழும் வழியில் ஒரு விளக்கை எரியவிடுங்கள், உறக்க மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது அரிதன்று. வலிக்காக டிரமடால் எடுப்பவர் அதை மனச்சோர்வு மருந்தோடு சேர்க்கலாமா என்று கேட்காமல் தொடர வேண்டாம். காய்ச்சல், நடுக்கம், மிகுந்த வியர்வை, உடல் விறைப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை சேர்ந்து தோன்றினால் அது மருந்துகள் மோதியதன் அறிகுறியாகலாம். தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். மனம் தொடர்பான ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.