பெருந்தமனிச் சுவர்ப் பிளவு: சிகிச்சை முடிவில் செயற்கை நுண்ணறிவின் பங்கு

இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கிடையே இரத்தம் புகுவதே பெருந்தமனிச் சுவர்ப் பிளவு ஆகும். இதயத்தை ஒட்டி மேலெழும் பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் அது ‘ஏ’ வகை. இதற்கு உடனடி அறுவை சிகிச்சை தேவை. சிகிச்சை பெறாத நிலையில், முதல் 48 மணி நேரத்தில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் இருவர் வரை உயிரிழக்கின்றனர் என்பது மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. அப்பகுதி பாதிக்கப்படாத ‘பி’ வகையில், பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மருந்தால் குறைப்பதே முதற்சிகிச்சை.

வால்பாறையிலிருந்து வரும் நோயாளி, 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, ஆழியாறு, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூரை அடைய வேண்டும். வழியில் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையில் படம் எடுக்கப்பட்டால், அதனைக் கணினி உடனே ஆராய்ந்து, பிளவு இருக்கக்கூடும் என மருத்துவரை எச்சரிக்க இயலும். நோயாளி வந்து சேருமுன் அறுவை அரங்கு ஆயத்தமாகலாம். செயற்கை நுண்ணறிவின் எளிய பயன் இதுவே. ஒருவேளை மிகப் பெரிய பயனும் இதுவாகவே இருக்கக்கூடும்.

தனிநபருக்கேற்ற சிகிச்சை என்பது இதற்கு அடுத்த படி. மேலெழும் பெருந்தமனி வீங்கி 5.5 செ.மீ. அகலத்தை எட்டினால் முன்கூட்டியே அறுவை சிகிச்சை செய்வது பொதுவான வழக்கம். ஆயினும், பிளவு ஏற்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அகலம் அந்த அளவை எட்டியிருக்கவில்லை எனப் பன்னாட்டு நோயாளர் பதிவேடு காட்டியது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கும் ஆறடி உயரமுள்ள ஆணுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. எனவே 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல்கள் உடலளவையும் கணக்கில் கொள்கின்றன. உயரம், வயது, மரபுவழி நோய், பெருந்தமனியின் வடிவம், ஆண்டுதோறும் அது விரிவடையும் வேகம் ஆகியவற்றைச் சேர்த்து ஒருவருடைய ஆபத்தை மதிப்பிடக் கணினி நிரல்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் பல இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

பிற நாட்டு நோயாளிகளின் தரவுகளில் பயிற்சி பெற்ற நிரல் நம் மக்களுக்கும் சரியாகக் கணிக்கும் என்று எடுத்துக்கொள்ள இயலாது. இங்கே சோதித்துப் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளும் இத்தகைய மதிப்பீட்டையும் மனித மேற்பார்வையையும் வலியுறுத்துகின்றன. இறுதி முடிவு மருத்துவருடையதே.

மார்பிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற கடும் வலி திடீரெனத் தோன்றினால், வாயுத்தொல்லை எனக் கருதிக் காலம் தாழ்த்தாமல் 108 எண்ணை அழைக்கவும். இ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் இந்நோய் இருக்கக்கூடும். மாரடைப்புக்குத் தரும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து இந்நோயில் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், தாமாக எந்த மருந்தையும் உட்கொள்ள வேண்டாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளதா, குடும்பத்தில் எவருக்கேனும் பெருந்தமனி நோயோ திடீர் மரணமோ நேர்ந்துள்ளதா என்பதை மருத்துவரிடம் தெரிவிக்கவும். பழைய ஸ்கேன் படங்களைப் பாதுகாத்து வைத்திருப்போர் அவற்றையும் உடன் எடுத்துச் செல்லவும். பெருந்தமனி எவ்வளவு விரிவடைந்துள்ளது என்பதை ஒப்பிட அவை தேவைப்படும்.